ஐந்து சென்ட்டும் எட்டு எருதுகளும்

போன மாதம் ஐந்து சென்ட் மனைக்குப் பத்திரம் எழுத உட்கார்ந்தோம். எழுத்தர் வரைவில் 2,175 சதுர அடி என்று போட்டிருந்தார். சென்ட் என்பது 435.6 சதுர அடி, அப்படியானால் 2,178 அல்லவா வரவேண்டும் என்று கேட்டேன். உடன் வந்திருந்த மைத்துனர் சிரித்துவிட்டார். “நானூறு என்று வைத்துத் தொலைத்திருக்கக் கூடாதா? வெள்ளைக்காரனுக்கு நேராக ஒரு கணக்கும் வராது மாப்பிள்ளை.”

அங்கே வாக்குவாதம் செய்ய இடமில்லை. இங்கே செய்கிறேன். அந்த 0.6 யாருடைய கிறுக்குத்தனமும் இல்லை. ஓர் ஏழை உழவனின் கால்நடையில் பிறந்த எண் அது.

பர்லாங் என்ற சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். பஸ் நிறுத்தத்திலிருந்து இரண்டு பர்லாங் என்றுதான் என் தாத்தா கடிதத்தில் வழி எழுதுவார். மைல் கல்லுக்கும் மைல் கல்லுக்கும் நடுவே அன்று குட்டையாகப் பர்லாங் கற்கள் நிற்கும். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முன்பாதி உழவுச் சால் எனப்படும் ஏர்த்தடத்தைக் குறிக்கிறது, பின்பாதி நீளத்தை. சால் நீளம், அவ்வளவுதான். எருது மூச்சு வாங்காமல் ஏரை இழுக்கும் தூரம் என்று ஒரு விளக்கம் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எருதும் இல்லை, மூச்சும் இல்லை.

பர்லாங் என்பது 660 அடி. சால் ஏன் அவ்வளவு நீண்டது? இடைக்கால இங்கிலாந்தின் ஈரக் களிமண்ணைப் புரட்டிப் போடக் கனத்த கலப்பை வேண்டும். அதற்கு எட்டு எருதுகள் பூட்டுவது கணக்கு. 1086-இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பும் ஏர்களை அப்படித்தான் எண்ணியது. எட்டு எருதுகளும் ஒருவரிடமே இருப்பது அரிது, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பூட்டுவார்கள். அத்தனை நீள ஏரை வயலோரத்தில் திருப்புவது பெரும்பாடு. ஆகவே குறைவாகத் திருப்பும்படி நிலத்தை நீளமாக, ஒடுக்கமாக வகுத்துக்கொண்டார்கள். திருப்பத்துக்கு முன்கூட்டியே ஏரை வளைத்து வளைத்து, பல வயல்களின் சால்கள் மெல்ல நெளிந்த கோடுகளாகவே ஆகிவிட்டன. மத்திய இங்கிலாந்தின் புல்வெளிகளில் மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்த நெளிவுகள் இன்றும் மேடும் பள்ளமுமாகத் தெரியும்.

இனி ஏக்கர். ஆதியில் அதற்கு வயல் என்றே பொருள். லத்தீனத்து ‘ஆகெர்’, சமஸ்கிருதத்து ‘அஜ்ர’ எல்லாம் அதன் பங்காளிகள். பிறகு அது ஒரு நாள் உழவின் அளவாயிற்று: நீளம் ஒரு பர்லாங், அகலம் 22 கஜம், அதாவது 66 அடி. இந்த 22 கஜத்தை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? கிரிக்கெட் ஆடுகளத்தில் ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் இடையே உள்ள தூரம் அதுதான்.

ஒரு அடிக்கு ஒரு சால் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 66 சால். நடை மட்டும் எட்டேகால் மைல், அதுவும் சேற்றில், கனத்த கலப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு. ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டில் ஆல்ஃப்ரிக் என்ற துறவி, மாணவர்களுக்கு லத்தீன் பேசக் கற்றுக்கொடுக்க ஓர் உரையாடல் நூல் எழுதினார். அதில் உழவன் பேசுகிறான். எவ்வளவு குளிரானாலும் எஜமானுக்குப் பயந்து வீட்டில் இருக்க முடியாது, தினமும் ஒரு முழு ஏக்கரோ அதற்கு மேலோ உழுதாக வேண்டும் என்கிறான். எருதுகளைத் தார்க்குச்சியால் ஓட்டும் சிறுவன் ஒருவனும் அவனோடு இருக்கிறான். குளிரிலும் கத்தலிலும் அந்தப் பையனுக்குத் தொண்டை கட்டிப்போயிருக்கிறது. இலக்கணப் பாடத்துக்காக எழுதியதில் இப்படியொரு தொண்டை வந்து மாட்டிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

மைலின் கதை இன்னும் சுவையானது. ரோமானிய மைல் 5,000 அடி. அதில் ஸ்டேடியம் என்ற பழைய நீள அளவு எட்டு அடக்கம். அந்த ஸ்டேடியத்தின் இடத்தில் ஆங்கிலேயர்கள் தங்கள் பர்லாங்கைக் கொண்டுபோய் வைத்தார்கள். பர்லாங்கோ சற்று நீளம். இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. பர்லாங்கை வெட்டினால் ஒவ்வொரு ஏக்கரும், ஒவ்வொரு வயலின் கணக்கும் குழம்பியிருக்கும். 1593-இல் லண்டனைச் சுற்றிப் புதுக் கட்டடங்கள் எழுப்பத் தடை விதித்த சட்டத்தில், போகிற போக்கில், எட்டு பர்லாங் ஒரு மைல் என்று எழுதிவைத்தார்கள். மைல் 5,280 அடியாக நீண்டது. சீசரின் படை நடந்த மைல் சால் நீளத்துக்குப் பணிந்தது என்று நான் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்வதுண்டு.

1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற கணிதர் 66 அடிச் சங்கிலி ஒன்றை வகுத்து, அதை நூறு கண்ணிகளாகப் பிரித்தார். சங்கிலியின் நீளம் ஏக்கரின் அகலம். பத்துச் சங்கிலி ஒரு பர்லாங். நம் ஊர்ப் பழைய புலப்படங்களில் ‘லிங்க்’ என்று இருப்பது அந்தக் கண்ணிதான். 660-ஐ 66-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு 43,560 சதுர அடி. நூறில் ஒரு பங்கு சென்ட், 435.6.

எழுத்தரை 2,178 என்று திருத்த வைத்த பிறகே கையெழுத்துப் போட்டேன். மூன்று சதுர அடிக்கு இவ்வளவு பிடிவாதமா என்பதுபோல் அவர் பார்த்தார். மைத்துனர் அதற்குள் தேநீர் குடிக்கப் போய்விட்டிருந்தார்.