உர மானியத்தை ஏக்கர் கணக்கில் கொடுங்கள்

பாலக்கோட்டுப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். ஒன்றில் தக்காளி, மீதியில் ராகி. போன வருடம் ராகி கருகருவென்று வளர்ந்து நின்றது. கதிர் முற்றும் நேரத்தில் ஒரே ஒரு மழை, பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. அப்பா ஒரு ராகித் தாளைப் பிடுங்கி விரலால் அழுத்தினார். கீரைத்தண்டு போல நசுங்கியது. "யூரியாக் கொழுப்பு" என்றார்.

யூரியாவை அதிகம் போட்டது நாங்கள்தான். ஏன் போட்டோம்? 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டிஏபி உர மூட்டை 1,350. கையில் ஐந்நூறு ரூபாயோடு கடைக்குப் போகிறவர் எதைத் தூக்கி வருவார்? 2010இல் சத்துக்கு ஏற்ற மானியம் என்று திட்டம் வந்தபோது டிஏபி, பொட்டாஷ் எல்லாம் உள்ளே போயின, யூரியாவை மட்டும் அரசு கட்டுப்படுத்தும் விலையிலேயே வெளியே விட்டார்கள். யூரியாவில் வரும் தழைச்சத்து மலிவு, டிஏபியில் வரும் மணிச்சத்தும் பொட்டாஷில் வரும் சாம்பல்சத்தும் விலை அதிகம். மண் அதற்குத் தக்கபடி கெட்டது.

2022-23இல் மட்டும் உர மானியம் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். நேரடி மானியம் என்று பெயர். ஆனால் கடையில் நாம் விரல் ரேகை வைத்ததும் பணம் போவது உரக் கம்பெனிக்கு. அந்தப் பணத்தை ஏக்கருக்கு இவ்வளவு என்று விதைப்புக்கு முன்னாலேயே உழுகிறவர் கணக்கில் போடுங்கள். பொட்டாஷ் வேண்டியவர் பொட்டாஷ் வாங்கட்டும். எருவுக்காக வயலில் ஆடுகளை அடைத்து ஆட்டுப் பட்டி போடுகிறவர் போடட்டும். இன்றைக்கு மூட்டையில் வரும் உரத்துக்குக் கிடைக்கும் மானியத்தில் பத்து பைசா கூட ஆட்டுப் பட்டிக்குக் கிடையாது. எங்கள் மண்ணுக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை என்பது என் அனுபவம்.

சரி, யூரியா விலையை நாளைக்கே ஏற்றிவிடலாமா? கூடாது. முதலில் பணம் கைக்கு வர வேண்டும், விலை அப்புறம் மெதுவாக ஏறட்டும். மத்திய அரசின் பிஎம் கிசான் திட்டம் வருடத்துக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் போடுகிறது, அதனால் வழி இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது பட்டாவைப் பார்த்துக் கொடுக்கும் பணம். எங்கள் பக்கம் குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கும் உழுகிறவர்கள் ஏராளம். உர மானியத்தையும் பட்டாவில் கட்டினால் அவர்கள் கதி என்ன? எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராமத்தில் எழுதும் அடங்கல் கணக்கை எழுதும்போது வயலில் இறங்கி, யார் உழுகிறார் என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்து வயலைக் குத்தகைக்கு உழுகிற அக்கா சென்ற வாரம் கேட்டார்: "அந்தக் கிசான் பணம் எனக்கு வராதா தம்பி?" நிலத்துக்காரர் ஓசூரில் இருக்கிறார், பட்டா அவர் பேரில். களை எடுப்பதும் உரம் போடுவதும் அக்காதான். என்னிடம் பதில் இல்லை.