கலங்கலை அடைக்கிற உரிமை எந்தப் பட்டாவுலயும் இல்ல

நேத்து நான் போட்ட போட்டோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. செங்குன்றம் தாண்டி இருக்கற அந்த ரிசார்ட்டோட போட்டிங் ஏரி, கலங்கல் (ஏரி நெறைஞ்சா மிச்சத் தண்ணி வெளிய வழியற இடம்) மேல மணல் மூட்டை, அதுக்கு முன்னாடி மீன் போகாம இருக்க இரும்பு வலை. கமெண்ட்ல ஒருத்தர் வந்து “அது பிரைவேட் பிராப்பர்ட்டி, அவர் ஏரி, அவர் தண்ணி, உங்களுக்கு இன்னா பிரச்சனை”ன்னு கேட்டுட்டுப் போறார், அதுக்கு என் பிரெண்ட் லிஸ்ட்ல இருக்கறவங்களே லைக் போட்டிருக்காங்க. அதுதான் மனசு கேக்கல.

அவர் ஏரிதான், யார் இல்லன்னா? ஆனா தண்ணி கரைக்கு உள்ள இருக்கற வரைக்கும்தான் அது அவரோட தண்ணி. வெளிய வந்துட்டா கீழ இருக்கறவங்க வீட்டு அரிசி மூட்டையும் புள்ளைங்க புக்கும் அது மேலதான் மிதக்கும்.

அது மண் கரைங்க. காங்கிரீட் அணைன்னா மேல வழிஞ்சாலும் கொஞ்ச நேரம் தாங்கும், மண் கரை மேல தண்ணி ஏறுச்சுன்னா பின்பக்கச் சரிவை அரிச்சு அரிச்சு வாய் பொளந்துடும், அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது. அப்படி ஆகக்கூடாதுன்னுதான் கலங்கல்னு ஒண்ணை வெக்கறாங்க. வீக் எண்டுல படகு தரை தட்டக்கூடாதுன்னு அங்க மூட்டை அடுக்கறாங்க, மீன் ஓடக்கூடாதுன்னு வலை கட்டறாங்க. மழைல வர்ற ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக், முள்ளுக் கெளை எல்லாம் அந்த வலைல போய் அடைச்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்? கரைல எந்த இடம் தாழ்வா இருக்கோ அந்தப் பக்கம்தான்.

எங்க பெரியப்பா பொதுப்பணித்துறைல லஸ்கரா, அதாவது ஏரி கரையைக் காவல் பாக்கற ஆளா இருந்தார். ஐப்பசி கார்த்திகைல ராத்திரி அவர் வீட்ல இருந்து நான் பாத்ததே இல்ல. கோணிச்சாக்கை தலைல போட்டுக்கிட்டு, டார்ச் எடுத்துக்கிட்டு கரையோட வெளி அடிவாரம் முழுக்க நடப்பார். ஒரு தடவை என்னையும் கூட்டிட்டுப் போனார். ஒரு இடத்துல தண்ணி கசிஞ்சுது, உக்காந்து உள்ளங்கைல ஏந்தி டார்ச் வெளிச்சத்துல ரொம்ப நேரம் பாத்தார். “தெளிவா வந்தா பயமில்லடா, கலங்கி வந்தா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம், ஊரை எழுப்பணும்”னார். நண்டு வளை, எலி வளை ஒண்ணு விடமாட்டார். இந்த ரிசார்ட் ஏரிக்கு அப்படி நடக்க ஆள் இருக்கானா? லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட ஆள் இருக்கு, பாத்தேன்.

“சின்ன ஏரி சார், ஓவரா பண்றீங்க”ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அமெரிக்கால பென்சில்வேனியால சவுத் ஃபோர்க்னு ஒரு மண் அணை. கால்வாய்க்குத் தண்ணி குடுக்க அரசாங்கம் கட்டினது, கை மாறி கை மாறி கடைசில பணக்காரங்க மீன்பிடி கிளப் கைக்கு வந்துச்சு, கார்னகி, ஃப்ரிக் மாதிரி இரும்பு, நிலக்கரி கோடீஸ்வரங்க மெம்பர். அடில தண்ணியை வெளியேத்தற இரும்புக் குழாய்ங்களை முன்னாடி இருந்த ஓனரே பேத்து வித்துட்டார், கிளப்காரங்க திரும்ப வெக்கல. குதிரை வண்டி ஓட்ட வசதியா கரையோட உச்சியை வெட்டித் தாழ்த்தினாங்க. மீன் தப்பிக்கக்கூடாதுன்னு கலங்கல்ல இரும்பு வலை. ஆமா, அதே வலை! 1889 மே 31 பெருமழைல கரை போச்சு, 14 மைல் கீழ இருந்த ஜான்ஸ்டவுன் ஊர்ல 2,209 பேர் செத்தாங்க. கிளப் மேல போட்ட கேஸ் ஒண்ணும் ஜெயிக்கல. கார்னகி பின்னாடி அந்த ஊர் நூலகத்தைத் திரும்பக் கட்டிக் குடுத்தார். செத்தவங்களுக்கு அதனால என்ன?

வக்கீல் நண்பர் ஒருத்தர் இன்பாக்ஸ்ல 1874 பிரிவி கவுன்சில் (வெள்ளைக்காரன் காலத்துல லண்டன்ல இருந்த கடைசி அப்பீல் கோர்ட்) தீர்ப்பை அனுப்பறார். கார்வேட்நகர் ஜமீனோட ஏரிங்க உடைஞ்சு மெட்ராஸ் ரயில்வே லைன் அடிச்சிட்டுப் போன கேஸ், கவனக்குறைவு இல்லன்னா ஜமீன் பொறுப்பில்லன்னு சொன்னாங்க. சரி சார், நல்லாப் படிங்க. அது காலங்காலமா ஜனங்க பயிர் பண்ண இருந்த ஏரிங்க, அதைக் காப்பாத்தறது ஜமீனோட கடமைன்னும் அதுலயே சொல்லியிருக்கு. இங்க எந்த நஞ்சை பாயுது? கலங்கல்ல மூட்டை அடுக்கறது கவனக்குறைவு இல்லாம வேற என்ன? 2021 அணை பாதுகாப்புச் சட்டத்துல 10 மீட்டருக்குக் கீழ இருக்கற கரை வராது, அதுவும் எனக்குத் தெரியும். சட்டம் அளக்கலன்னா தண்ணி சும்மா போயிடுமா?

ரிசார்ட் ஓனர் நாலு பேருக்கு வேலை குடுக்கறாருன்னு சொல்றாங்க. குடுக்கட்டும், வேணாம்னு யார் சொன்னா, மூட்டையை எடுத்துட்டுக் குடுக்கட்டும்.

புழல் ஏரில ஷட்டர் தூக்கறதுக்கு முன்னாடி வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், சடையங்குப்பம் வரைக்கும் எச்சரிக்கை குடுக்கறாங்க. அப்பவும் தண்ணி வருது, ஆனா புள்ளைங்களைத் தூக்கிட்டு மேட்டுக்குப் போக நேரம் கெடைக்குது. இந்த ஏரி நெறைஞ்சா எங்களுக்கு யார் போன் பண்ணுவா? எங்க அத்தை அந்த ஏரிக்குக் கீழதான் இருக்காங்க, முட்டி வலி, தனியா எழுந்து நடக்க முடியாது. போன மழைக்கு ராத்திரி ஒரு மணிக்கு வாசப்படி நனைஞ்சப்புறம்தான் அவங்களுக்கே தெரிஞ்சுது. ரிசார்ட்ல கேட்டதுக்கு வாட்ச்மேன் “சாரு ஊர்ல இல்ல”ன்னார், அவ்வளவுதான்.

வடசென்னைன்னா எல்லாத்தையும் தாங்கிப்பாங்கன்னு நெனப்பு. அனல் மின் நிலையச் சாம்பல் எங்களுக்கு, குப்பை மேடு எங்களுக்கு, 2023 மிக்ஜாம் வெள்ளத்துல எண்ணூர் முகத்துவாரம் பூரா எண்ணெய், வலையும் படகும் கறுப்பாகி மீனவங்க கண்ணு கலங்கி நின்னாங்க. இப்ப யாரோ சனி ஞாயிறு படகு விடறதுக்காக நாங்க மழை ராத்திரில தூங்காம உக்காரணுமா? எங்களுக்கும் உயிர்தாங்க அது.

திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு தாலுகா ஆபீஸ்ல மனு குடுக்கறோம். கேக்கறது மூணுதான்: மூட்டையையும் வலையையும் எடுக்கணும், நீர்வளத்துறை இஞ்சினியர் வந்து கரையைப் பாக்கணும், தண்ணி ஏறினா கீழ இருக்கற தெருவுக்குச் சொல்ல ஒரு ஆளைப் போடணும். லைக் போட்டவங்களும் வாங்க, கரை மேல கூட்டிட்டுப் போய் நானே காட்டறேன்.