லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு மாற்றும் பாடு

என் கேமிங் லேப்டாப்பில் இருப்பது 2014-ல் வந்த ஜிடிஎக்ஸ் 970எம் கிராபிக்ஸ் கார்டு, 3 ஜிபி மெமரி. புது கேம் எதைப் போட்டாலும் திணறுகிறது. டெஸ்க்டாப் என்றால் பழைய கார்டைக் கழற்றிப் புதியதைச் சொருகினால் வேலை முடிந்தது. லேப்டாப்பில் பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். என்னுடையதில் கார்டைத் தனியாகச் சொருகும் எம்எக்ஸ்எம் ஸ்லாட் இருக்கிறது, கழற்றலாம். அதை நம்பித்தான் வாங்கினேன்.

ஆனால் ஸ்லாட் பொருந்தினால் மட்டும் போதாது. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் திருகுத் துளைகள் பொருந்த வேண்டும், லேப்டாப்பைத் தொடக்கும் மென்பொருளான பயாஸ் அந்தக் கார்டை ஏற்க வேண்டும், அடாப்டர் அத்தனை வாட் தர வேண்டும். ஒன்று தவறினாலும் போட்ட பணம் போச்சு. தயாரித்த நிறுவனத்திடம் கேட்டால் புது மாடல் வாங்கச் சொல்கிறார்கள். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. ப்ராசஸர், திரை, கீபோர்டு எல்லாம் நன்றாக இருக்கும்போது எதற்காகத் தூக்கிப் போட வேண்டும்?

சரி, லேப்டாப்புக்கு வெளியே வைத்துக் கேபிளில் இணைக்கும் கார்டு? அதற்குப் பெரும்பாலும் தண்டர்போல்ட் 3 போன்ற வேகமான போர்ட் வேண்டும். தண்டர்போல்ட் 3 லேப்டாப்களில் வந்ததே 2015 கடைசியில்தான், என்னுடையதில் இல்லை. இப்போது யாராவது கழற்றி விற்கும், 970எம்-ஐ விட வேகமான 980எம் கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். என் மாடலில் அது ஓடும் என்று உறுதியாகச் சொல்ல ஒரு விற்பனையாளரும் தயாராக இல்லை.