ஃபேன் பெட்டியில் இருக்கிறது, ஹார்டு டிஸ்க் பெட்டியில் இல்லை

வயலுக்கு மோட்டார் வாங்கினால் தகட்டிலேயே 2880 என்று சுற்று வேகம் அடித்திருக்கும். சீலிங் ஃபேன் பெட்டியில்கூட ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று போடுகிறார்கள். சுற்றுவதே பிழைப்பாக இருக்கிற எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கின் பெட்டியில் மட்டும் அதைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

போன வாரம் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கேட்டேன். “யூஎஸ்பி 3.0ண்ணே, 5 ஜிபி ஸ்பீடு” என்றார் அந்தத் தம்பி. அது வயரின் வேகம். ரிங் ரோடு எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன, அதில் ஓடுவது டவுன் பஸ்தானே. உள்ளே இருக்கிற 2.5 இன்ச் டிஸ்க் விநாடிக்கு 100 முதல் 140 எம்.பி. கொடுத்தாலே பெரிது.

ஆக, ஊகம்தான். சட்டைப்பைக்குள் அடங்கி, யூஎஸ்பி வயரிலேயே கரண்ட் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் 5400. தனி அடாப்டர் கேட்கிற 3.5 இன்ச் டிஸ்க்கில்தான் குழப்பம், 5400ம் இருக்கலாம், 7200ம் இருக்கலாம். எழுதியிருந்தாலும் நம்ப முடியவில்லை. வெஸ்டர்ன் டிஜிட்டல் “5400 ஆர்.பி.எம். கிளாஸ்” என்று குறித்த சில டிரைவ்கள் உண்மையில் 7200இல் சுற்றுவது 2020இல் வெளியே வந்தது. கண்டுபிடித்தது சத்தத்தை வைத்து! 5400 என்றால் விநாடிக்கு 90 சுற்று, 7200 என்றால் 120. ரீங்காரமும் அதே 90 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸில் வரும். கம்பெனியோ, கிளாஸ் என்பது செயல்திறனைக் குறிக்கிறது, சுற்றை அல்ல என்றது. நல்ல தமாஷ்.

இன்னொன்றையும் மறைக்கிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கோபம். திருப்பரங்குன்றம் கல்யாண வீடியோ ஒன்றை, 300 ஜிபி இருக்கும், காப்பி போட்டேன். முதலில் பறந்தது. அப்புறம் 20 எம்.பி.க்கு இறங்கி, விடிய விடிய உட்கார வைத்துவிட்டது. எஸ்.எம்.ஆர். என்கிற வகை டிஸ்க் அது. நாட்டு ஓடு வேய்வதுபோல் டிராக்குகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவார்கள். நடுவில் ஒரே ஓர் ஓடு மாற்ற வேண்டுமானாலும் மேலே உள்ளதையும் பிரித்து வேய வேண்டும் அல்லவா, அதே கதை. இதில் 7200 இருந்தும் என்ன செய்ய?

கம்ப்யூட்டரில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்கிற சாஃப்ட்வேரைப் போட்டால் சுற்று வேகம் பெரும்பாலும் தெரிந்துவிடும். “இங்கேயே மாட்டிப் பார்க்கலாமா தம்பி?” என்றேன்.

“சீலை உடைச்சா ரிட்டன் கிடையாதுண்ணே.”

வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் மாட்டினேன். 5400.