முகாமுக்குப் போகும் முன் ஒரு பெற்றோரிடம் பேசுங்கள்

மாற்றுத்திறனாளி பிள்ளைக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை கேட்டு மனு போடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தைத் தேடிப்பிடித்துப் பேசிவிட்டுப் போங்கள். இ-சேவை மையத்தில் மனு ஏற்றித் தருவார்கள். எந்த டாக்டரிடம் காட்டணும் என்பதை அனுபவப்பட்டவர்தான் சொல்வார்.

என் மகளுக்கு மூளை முடக்குவாதம். மாற்றுத்திறனாளி சான்றிதழ் தரும் மருத்துவ முகாமில் எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, கை கால் பாதிப்புக்கு 60 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார். வேலை முடிந்தது என்று கிளம்பினோம். மகனை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்த ஒரு அக்கா சீட்டை வாங்கிப் பார்த்தார். "பாப்பா பேசுதா? சொன்னா புரிஞ்சுக்குதா? அப்ப மனநல டாக்டர்கிட்டயும் காட்டிருங்க தங்கச்சி. இத மட்டும் வச்சா ரெண்டாயிரம் வராது" என்றார்.

விதி அப்படி. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு, கை கால் பாதிப்பு மட்டும் என்றால் 75 சதவீதம் வேண்டும். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதமே போதும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு இரண்டுமே இருக்கும். ஐக்யூ என்கிற அறிவுத்திறன் சோதனை எடுத்துச் சான்றிதழில் அதையும் சேர்த்த பிறகுதான் எங்கள் மனு நகர்ந்தது. அந்த முகாமில் எந்த மேசையிலும் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு ஏற்கும் 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக்கியது. நல்ல சட்டம், மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எந்த வகைக்கு எந்தச் சோதனை, வருவாய்த்துறை தரும் ஓய்வூதியமா மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்புத் தொகையா (ஒன்றுதான் வாங்க முடியும்) என்பதெல்லாம் படித்தவர்களுக்கே தலை சுற்றும். கூலி வேலைக்குப் போகிற அம்மா என்ன செய்வாள்? அந்த இடத்தில்தான் புரோக்கர் வந்து நிற்கிறான். மாற்றுத்திறனாளிகள் சங்கங்களின் ஆட்களைக் கேட்டால் விவரம் தெரியும். தொகையை உயர்த்தச் சொல்லித் தெருவில் இறங்கிப் போராடுகிறவர்களும் அவர்கள்தான்.

அந்த அக்கா மதியம் வரை ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பஸ் காசுகூட யாரும் தருவதில்லை. ஒவ்வொரு முகாமிலும் இப்படி அனுபவப்பட்ட பெற்றோர் இருவருக்கு ஒரு மேசையும் அன்றைய நாள் சம்பளமும் கொடுங்கள். சாமியானாவுக்கும் மைக்செட்டுக்கும் ஒதுக்குகிற பணத்திலேயே இதைச் செய்யலாம்.