முதல் பாகத்தோடு நிறுத்திவிடலாமா?

"இரண்டாம் பாகத்திலதான் சூடு பிடிக்கும், அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படி." தொடர் நாவலைக் கையில் எடுத்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்யவேண்டிய காரியங்கள் வீட்டிலும் வங்கியிலும் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. நாவலையும் அந்தக் கணக்கில் சேர்ப்பானேன்?

தேவகோட்டையில் இருக்கும் சித்தி மகள் கேட்டாள்: "பொன்னியின் செல்வன் முதல் பாகம் முடிச்சிட்டேண்ணே. மிச்சம் நாலையும் வாங்கவா, வேண்டாமா?"

1950 முதல் 1954 வரை 'கல்கி' பத்திரிகையில் வாராவாரம் வந்த கதை அது. அன்றைக்குப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. முதல் பாகம் முடிந்தால் என்ன, அடுத்த வாரம் அடுத்த அத்தியாயம் வந்துவிடும். ஐந்து அட்டைக்குள் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை வைத்த பிறகுதான் நமக்கு இந்த யோசனையெல்லாம்.

அதனாலேயே முதல் பாகமான 'புது வெள்ளம்' தனி நாவலாக நிற்பதில்லை. 57 அத்தியாயம் ஓடிய பிறகும், யார் பெயரில் கதை இருக்கிறதோ அந்த அருள்மொழிவர்மர் நேரில் வருவதில்லை. இரண்டாம் பாகத்தில், அதுவும் இலங்கையில்தான் ஆளைப் பார்க்கிறோம். கடைசிப் பாகம் மட்டுமே 91 அத்தியாயம். முதல் பாகத்தை வைத்து மொத்தத்துக்கும் தீர்ப்புச் சொல்வது, எங்கள் செட்டிநாட்டுக் கணக்கில், முகப்பில் நின்றபடியே வீட்டை விலை பேசுகிற மாதிரி. முற்றத்தோடு வளவும், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டும் உள்ளே கிடக்கின்றன. சரி, அதற்காக முகப்பே பிடிக்காதவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டுமா? அதுவும் கூடாது என்பதுதான் என் கட்சி.

அப்பத்தாவிடம் இந்தத் தொடர் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த கட்டாக இருந்தது. ஓவியர் மணியத்தின் படங்களோடு. பைண்டு போட்டவர் ஓரத்தைத் தாராளமாக வெட்டிவிட்டதில், பல பக்கங்களில் வரிக்கடைசி எழுத்துகள் காணாமல் போயிருக்கும். மத்தியானம் பட்டாலையில் (வீட்டுக் கூடம்) உட்கார்ந்து சத்தமாகப் படிக்கும்போது அப்பத்தா அந்த எழுத்துகளைத் தானே போட்டு நிரப்பிக்கொண்டு போவார், ஒரு இடத்திலும் தடுக்காது. ஆழ்வார்க்கடியான் யாரோடாவது வம்புக்குப் போகிற இடம் வந்தால் குரலே மாறிவிடும். யார் சாகிறார், யார் முடிசூடுகிறார் எல்லாம் தெரிந்தும் எதற்குத் திரும்பத் திரும்ப என்று கேட்டால், "கதை தெரிஞ்சா என்னடா, வந்தியத்தேவன் பேசுறதைக் கேக்க வேணாமா?" என்பார்.

நான் வைத்திருக்கிற சோதனை அங்கிருந்து எடுத்ததுதான். முதல் பாகம் முடிந்ததும், மிச்சக் கதையை யாராவது ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டால் போதுமா என்று பார்ப்பேன். போதும் என்று தோன்றினால் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன், விக்கிபீடியா இருக்கிறது, காசும் மிச்சம். முடிவு தெரிந்த பிறகும் அந்த ஆட்களோடு இருக்க வேண்டும்போல இருந்தால் அடுத்த பாகம். கடைசிப் பக்கத்தில் ஒருவரை மலை விளிம்பில் தொங்கவிட்டு நிறுத்துகிற உத்தி இந்தச் சோதனையில் தோற்றுவிடும். தோற்கட்டும்.

இதற்கு நேர் எதிர் வகையும் உண்டு. மகாபாரதத்தை நாவல்களாகத் திரும்பச் சொல்லும் ஜெயமோகனின் வெண்முரசு 2014 ஜனவரி 1 அன்று இணையத்தில் தொடங்கி 2020 ஜூலையில் முடிந்தது, மொத்தம் 26 நாவல்கள். முதலாவதான 'முதற்கனல்' தன்னளவில் முழுசு. அம்பையின் கதை முடிந்தபோது எனக்கு நிறைந்துவிட்டது, நிறுத்திக்கொண்டேன். நண்பர்கள் விடவில்லை. "இன்னும் இருபத்தஞ்சு மிச்சம் இருக்கே!" இருக்கட்டுமே, அது என்ன நான் வாங்கிய கடனா? தோன்றுகிற அன்றைக்குத் தொடர்ந்துகொள்வேன். மகாபாரதம் எங்கும் ஓடிப்போகாது.

எழுதி முடிக்காத தொடரில் இறங்கலாமா என்றும் கேட்கிறார்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதை வரிசையில் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ஐந்தாம் புத்தகம் 2011இல் வந்தது, ஆறாவதுக்காக வாசகர்கள் பத்து வருடத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்கள். கல்கியே 'அமரதாரா'வை முடிக்காமல்தான் 1954இல் காலமானார், அவர் மகள் ஆனந்தி முடித்துவைத்தார். இறங்கலாம் என்பேன். முடிவுக்காகப் படிக்கிறவர்களுக்குத்தான் அதில் நஷ்டம்.

அப்புறம், பலர் பாதியில் நிற்பதற்கு எழுத்தாளரைக் குறை சொல்வது அநியாயம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் ஆளாளுக்கு அச்சடிக்கிறார்கள். மலிவுப் பதிப்பு சிலவற்றில் எழுத்து எறும்பு அளவு. கண் வலித்து மூடி வைத்துவிட்டு, "வர்ணனை ஜாஸ்தி" என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம். நான் போகிற நூலகத்தில் ஐந்து பாகமும் வரிசையாக நிற்கின்றன. முதலாவதன் முதுகு கிழிந்து, மேலே செலோடேப், அதுவும் பழுத்துவிட்டது. மூன்றிலிருந்து எல்லாம் இப்போதுதான் கடையிலிருந்து வந்தது மாதிரி மடிப்புக்கூடக் கலையாமல் இருக்கிறது. ஊரே என் கட்சிதான், வெளியில் ஒத்துக்கொள்வதில்லை.

சித்தி மகளிடம், "வீராணம் ஏரிக்கரையில குதிரையில வந்தானே, அவன்கூட இன்னும் கொஞ்ச தூரம் போகணும்னு இருக்கா?" என்றேன். "அவனைவிட குந்தவை வர்ற இடம்தான் பிடிச்சிருக்கு" என்றாள். அப்படியானால் இரண்டாம் பாகமான சுழற்காற்றை மட்டும் வாங்கு, செட்டு வேண்டாம், தள்ளுபடி என்று சொன்னாலும் வேண்டாம் என்றேன். செட்டாக வாங்கினால் அலமாரியில் இருந்துகொண்டு அது நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த வெட்கத்திலேயே படிப்பவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது என் வழக்கு ஒன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில், பித்தளைச் சாமான்களுக்கு அடியில் ஒரு பைண்டுக் கட்டு கிடைத்தது. அட்டை இல்லை, எழுதியவர் பெயர் இல்லை, 'முதல் பாகம் முற்றும்' என்று மட்டும் இருக்கிறது. ரங்கூனுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் பார்க்க, போன கணவனிடமிருந்து கடிதம் வராமல், மாமியாரோடு வழக்காடியே காலம் தள்ளுகிற ஒரு ஆச்சி. வட்டிக்கணக்கை வாயாலேயே போட்டு ஏஜெண்டை மடக்குகிறாள், அந்த ஒரு அத்தியாயத்தை மூன்று தரம் படித்துவிட்டேன். இரண்டாம் பாகம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கதை தெரிந்தவர்கள் கமெண்டில் முடிவையும் சேர்த்தே எழுதலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.