அந்தப் பிள்ளை எதை நம்பிக் காத்திருக்க வேண்டும்?

சாக்லேட்டைத் தொடாமல் இருந்தால் இன்னொன்று தருவதாகச் சொல்லித் தனியே விட்டுப்போனதும் ஒரு பிள்ளை அதை எடுத்துவிடுகிற அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி வரை அதன் கீழே சிரிப்புப் பொம்மை விழுந்துகொண்டே இருக்கிறது. "இப்பவே இப்படின்னா இவன் எங்க உருப்படப் போறான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நாலு வயசுப் பிள்ளையைப் பார்த்து. அவன் என் தங்கை மகன்.

சாக்லேட்டை எடுப்பதற்கு முன்னால் அவன் இரண்டு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்தான். அதை யாராவது கவனித்தீர்களா? "தொடாம இருந்தா இன்னொண்ணு தருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதற்கு முந்தின ஞாயிறு அவனை பீச்சுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னவர். பிள்ளை செருப்பு மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை படியில் உட்கார்ந்திருந்தான். அவர் வரவில்லை. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

கண்முன் இருக்கும் ஒரு மிட்டாயைத் தின்னாமல் பொறுத்திருந்தால் இரண்டாகத் தருவோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்கிற மார்ஷ்மெல்லோ சோதனையில் தோற்றுவிட்டான் என்கிறீர்கள். சரி, அதையே பேசுவோம். உளவியலாளர் வால்டர் மிஷெல் அதை நடத்தியது அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து நர்சரிப் பள்ளியில். அதிக நேரம் பொறுத்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்றும் சொன்னார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 பிள்ளைகளை வைத்து இதே சோதனையைச் செய்தார்கள். முதலில் பாதிப் பேரிடம் நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். மீதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்புறம்தான் மிட்டாய். ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக மூன்று நிமிடம் பொறுத்தார்கள், ஏமாறாதவர்கள் பன்னிரண்டு நிமிடம். 2018இல் வெளியான இன்னொரு ஆய்வில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்தபோது, குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் மிட்டாய்க்குப் பொறுப்பதற்கும் பிற்காலப் படிப்புக்கும் உள்ள தொடர்பு பெருமளவு சுருங்கிப்போனது. பிள்ளை கணக்குப் போடுகிறது. யார் வாக்கு நிற்கும், யார் வாக்கு நிற்காது என்ற கணக்கு.

எனக்கு அந்தக் கணக்கு தெரியும். ஆறாவது படிக்கும்போது பேட்மின்டன் மட்டை வாங்க மண் உண்டியலில் சேர்த்தேன். தூக்கினால் கை தாழும், அவ்வளவு கனம். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அடுக்களைத் தரையில் ஓடு மட்டும் கிடந்தது. "அடுத்த மாசம் போட்டுடறேன் கண்ணு" என்றார் அப்பா. மில்லில் சம்பளம் நின்றுபோயிருந்த நேரம், அவர் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த அடுத்த மாசம் வரவே இல்லை. அதற்கப்புறம் கைக்கு வந்த ஒவ்வொரு நாலணாவும் அன்றைக்கே கமர்கட்டாகப் போனது. ஊதாரி என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயர் கல்யாணம் வரை கூடவே வந்தது.

"அப்போ கேட்டதையெல்லாம் உடனே வாங்கிக் கொடுக்கணுமா?" என்று கேட்பீர்கள். நான் அப்படி எங்கே சொன்னேன்? ஃபோன்தான் காரணம் என்பவர்களுக்கு, ஃபோனும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெண்பிள்ளை பெயரில் தொடங்கும் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் 15 வருஷம் பணம் கட்டி, தொடங்கிய நாளிலிருந்து 21 வருஷம் வரை காத்திருக்கிறோமே, எதனால்? தபால் ஆபீஸ் பணத்தைத் திருப்பித் தரும் என்று நம்புவதால். சீட்டு பிடித்தவர் ஊரைவிட்டு ஓடிப்போய் ஏமாந்தவரிடம் "உனக்குப் பொறுமை இல்லை" என்று யாராவது சொல்வோமா? பெரியவர்களுக்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயமா?

என் மகளுக்கு ஆறு வயசு. பொருட்காட்சிக்குப் போக எத்தனை தாள் கிழிக்க வேண்டும் என்று தினமும் காலண்டர் முன்னால் நின்று எண்ணினாள். ஒருநாளும் இரண்டு தாள் சேர்த்துக் கிழித்ததில்லை. குறித்த நாளில் மழை. நனைந்துகொண்டே போனோம். ராட்டினம் ஓடவில்லை, டெல்லி அப்பளம் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

நேற்று தங்கை மகனிடம் ஃபோனில் பேசினேன். சனிக்கிழமை வருகிறேன், பீச்சுக்குப் போகலாம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பெரியம்மா, நிஜமாவே வருவியா?" என்றான்.

காலை ஆறு மணி பஸ். டிக்கெட் எடுத்துவிட்டேன்.